வரதன் சுட்ட எலுமிச்சைப் பை

ஜெசிந்தா மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய வருஷம் வரதனுக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் அவனுக்கு வேலை. குழாய்க்குள் ஓடும் சூட்டையும் அழுத்தத்தையும் காட்டுகிற முள், உள்ளபடிதான் காட்டுகிறதா என்று சோதித்துப் பார்த்து முத்திரை வைப்பான். வீட்டில் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் போவான். அவன் அப்பா நெம்மேலிக்குப் பக்கத்தில் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர், அம்மா நாற்று நட்டவள். அந்த வீட்டிலிருந்து ஐ.டி.ஐ. படித்து, சர்க்கார் சம்பளம் வாங்கி, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற குவார்ட்டர்ஸில் குடியேறிய முதல் ஆள் அவன்தான். இவ்வளவு தூரம் வந்த பிறகு அடுப்பு மூட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

ஜெசிந்தா செங்கல்பட்டுக்காரி. அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தினம் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் வருவாள். மஸ்கட் வேலை வந்தபோது, வீடு கட்டவா, பெண்ணுக்கு நகை சேர்க்கவா என்று எல்லோரும் வரதனைக் கேட்டார்கள். அவளுக்கே போக ஆசை என்று யாருக்கும் தோன்றவில்லை. வரதனுக்கும் அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"எனக்குப் போவணும்னு கீதுங்க," என்றாள் அவள், துவைத்த துணியை மடித்துக்கொண்டே. "பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சு நோவுக்காரங்க வார்டுல போடறாங்களாம். இங்கயே இருந்தா கட்டு மாத்திகினே கெழவியாயிடுவேன்."

வரதன் அவள் மடித்த துணியை வாங்கிக் கட்டிலில் அடுக்கினான். பிறகு, "கவியா?" என்று கேட்டான்.

"அவ உங்களுக்கும் பொண்ணுதான?"

கவியா அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். தொண்ணூற்றாறு கடைசியில் ஜெசிந்தா கிளம்பிப் போனாள்.

முதல் ஒரு மாதம் அப்பனும் பெண்ணும் கேன்டீன் இட்லியில் ஓட்டினார்கள். பிறகு கவியாவுக்கு வயிற்று வலி வந்தது. வரதன் குக்கரைக் கையில் எடுத்தான். கீழ்வீட்டில் ராஜம் இருந்தாள். அவள் கணவர் பாலசுப்ரமணியன் மையத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ராஜத்தின் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே வரதனின் சமையலறை ஜன்னல். அதனால் மேலே என்ன தீய்கிறது என்பது கீழே உடனே தெரிந்துவிடும். "கடுகு தீயறது வரதன், அடுப்பைத் தணிச்சுக்கோங்கோ," என்று கீழிருந்து குரல் வரும். அப்படியாக ஒரு வருஷத்தில் ரசம், பருப்பு, மீன் குழம்பு எல்லாம் பழகிவிட்டான். கருவிப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு அளவு சொன்னால் போதும், கை பிசகாது. ஒரு சிட்டிகை, ஒரு கை என்று சொன்னால்தான் தடுமாறுவான்.

அந்தக் கட்டடத்தில் ராஜம் வீட்டில் மட்டும்தான் அப்போது தொலைபேசி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா கூப்பிடுவாள். ராஜம் மாடிப்படியில் நின்று, "வரதன், மஸ்கட்," என்று குரல் கொடுப்பாள். வரதன் கவியாவைக் கூட்டிக்கொண்டு இறங்குவான். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவான். உள்ளே வந்து உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவனாகவே அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ராஜம் பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டோ கோலப்பொடி சலித்துக்கொண்டோ இருப்பாள். பிறத்தியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? "இன்னா சாப்ட்ட?" என்று கேட்பான். அவள் சொல்வாள். "நீங்க?" என்பாள். இவன் சொல்வான். கவியா பள்ளிக்கூடத்துச் சமாசாரம் சொல்வாள். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல், "இன்னா சாப்ட்ட?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தான்.

"எலுமிச்ச பை," என்றாள் ஜெசிந்தா. "மேல வெள்ளையா நொர மாதிரி நிக்குது. நடந்தா ஆடுது. ரொம்ப நல்லா இருந்துச்சி."

"பையா? அது இன்னாது?"

"இங்க வெள்ளக்காரங்க சாப்புடறது."

"நீ லீவுல வா, நான் செஞ்சு தரேன்," என்றான் வரதன். ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜெசிந்தா சிரித்தாள் என்றுதான் நினைத்தான். ஏதோ ஒரு சத்தம் வந்தது.

போனை வைத்ததும் ராஜம் கேட்டாள். "என்ன பை? சாமான் வாங்கற பையா?"

"இல்லம்மா. திங்கறதாம். எலுமிச்சப் பழத்துல பண்றது."

"அதுக்கு ஏன் பைன்னு பேரு வச்சான்?"

வரதன் கவியாவைக் கூட்டிக்கொண்டு படியேறினான். மேலே போனதும் கவியாவும் அதையே கேட்டாள்.

பூபாலன் வரதனோடு ஒன்றாகப் படித்தவன், ஒரே ஊர்க்காரன். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் மொட்டைமாடி ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு வாழைப்பழ அப்பமும் வறுத்த மீனும் போடுகிற ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை வரதன் அங்கே போய் விசாரித்தபோது பூபாலன் பீடியை அணைத்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

"லெமன் மெராங் பை மச்சான் அது, இங்கிலீஷ் பேரு. ஒரு ஜெர்மன்காரம்மா சொல்லிக் குடுத்துச்சி. கீழ பிஸ்கோத்து, நடுவுல எலுமிச்ச கூழு, மேல முட்ட நொர. அவ்ளோதான் மேட்டரு."

"மாவு எவ்ளோ, வெண்ண எவ்ளோ?"

"மாவுல பாதி வெண்ண. தண்ணி ஜில்லுனு இருக்கணும்."

"ஓவன்ல எவ்ளோ சூடு வெக்கணும்?"

"கைய உள்ள நீட்டு. ரோமம் பொசுங்கிச்சின்னா ஜாஸ்தி."

"எவ்ளோ நேரம்?"

"வெந்தா தெரியும் மச்சான். இன்னாத்துக்கு இவ்ளோ கேக்கற? நீ இன்னா ஓட்டலா வெக்கப் போற?"

வரதன் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு வட்ட ஓவன் வாங்கினான். அலுமினியத்தில் செய்தது. மூடியில் கண்ணாடி, உள்ளே மேலும் கீழும் கம்பிச்சுருள். சுவிட்சைப் போட்டால் சூடாகும், அணைத்தால் ஆறும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. மையத்தில் நாளெல்லாம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த முறை சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் ஒரு வெப்பமானி வாங்கிவந்து மூடியில் ஓட்டை போட்டுச் செருகினான்.

முதல் முறை மாவைச் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைந்தான். வெந்து வந்தது பலகைபோல இருந்தது. கவியா பல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"நைனா, இத்த கடிக்க முடியல."

"கூழ மட்டும் தின்னு."

"அதுல முட்ட கட்டி கட்டியா கீது."

கொதிக்கிற எலுமிச்சைக் கூழில் மஞ்சள் கருவை அப்படியே கொட்டியிருந்தான். அது பொரியல்போலத் திரண்டுவிட்டது. வெள்ளைக் கருவோ நுரைக்கவே இல்லை. மோர் கடைகிற மத்தால் கை வலிக்கக் கடைந்தான். சோப்புத் தண்ணீர் மாதிரி கொஞ்சம் குமிழ் வந்து அடங்கிப்போனது. இன்னொரு நாள் கடைந்தபோதும் அதே கதை. மூன்றாம் முறை மத்தை முகர்ந்து பார்த்தான். கட்டையில் வெண்ணெய் வாசம் ஊறிக் கிடந்தது. கழுவிக் காயவைத்துப் பார்த்தாலும் போகவில்லை. மாமல்லபுரத்தில் பூபாலனிடம் சொன்னபோது, "ஆங், எண்ணப் பிசுக்கு பட்டா எழும்பாது, சொல்லலையா நானு?" என்றான். அவன் சொல்லவில்லை. வரதன் ஒரு கம்பி முட்டை அடிப்பானும் எவர்சில்வர் குண்டானும் வாங்கி, அவற்றை வேறு எதற்கும் தொடாமல் பரணில் தனியாக வைத்தான்.

நுரை எழும்பிய நாளில் அவன் கொஞ்சம் பயந்துவிட்டான். வழுக்கிக்கொண்டிருந்த திரவம் சர்க்கரை போடப் போடப் பளபளவென்று திரண்டு, கம்பியைத் தூக்கினால் கொக்கு மூக்குபோலக் கூராக நின்றது. குண்டானைக் கவிழ்த்துப் பார்த்தான். விழவில்லை. கவியாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "ஷேவிங் க்ரீம் மாதிரி கீது," என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இனிப்பே பிடிக்காது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்தால் இன்னும் பிடிக்காது.

எழும்பிய நுரை பைமேல் ஏறியதும் வேறு தொல்லை. ஓவனிலிருந்து எடுக்கும்போது பொன்னிறமாகத்தான் இருக்கும். ஆற ஆற அடியில் தண்ணீர் விட்டு, நுரை தனியாகவும் கூழ் தனியாகவும் வழுக்கிக்கொண்டு போகும். மேலே வியர்வைபோல் முத்து முத்தாகத் துளிர்க்கும். கடலிலிருந்து அடிக்கிற உப்புக்காற்றில் சர்க்கரை டப்பாவே இளகுகிற ஊர் அது. காற்றைக் குற்றம் சொல்லி அவன் ஜன்னலை மூடினான், தண்ணீர் விடுவது நிற்கவில்லை. ஒரு நாள் அவசரத்தில் கூழ் ஆறுவதற்குள் நுரையைப் போட்டுவிட்டான். அன்றைக்குத் தண்ணீர் விடவில்லை. ஆறிய கூழ்மேல் வைத்தால் நுரையின் அடிப்பக்கம் வேகாமல் நின்று நீர் விடுகிறது, சுடச்சுட இருக்கும்போது வைத்தால் அடியிலும் வெந்து பிடித்துக்கொள்கிறது என்று அப்போது புரிந்தது. நுரையை ஓரத்து மாவு வரைக்கும் இழுத்து ஒட்டிவிட வேண்டும் என்பதும் அதன் கூடவே தெரிந்தது. இல்லாவிட்டால் அது ஆறும்போது சுருங்கி நடுவில் தீவுபோல நிற்கும்.

எலுமிச்சம்பழம் ராஜம் வீட்டு மரத்திலிருந்து வந்தது. முதல் தடவை அவளே ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் முட்டை சேர்க்கிறான் என்று தெரிந்த பிறகு அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "எலுமிச்சம்பழத்தோட முட்டையா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் கூடை மாடிப்படியில் இருந்தது. அதற்கப்புறம் எப்போதும் படியில்தான் வைப்பாள். வாசனை நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை சொன்னாள். தின்ன முடியாத பண்டத்தைப் பற்றி அவளால் அதற்குமேல் சொல்ல முடியாது.

விஷயம் ஊர் வரைக்கும் போயிற்று. பூபாலன்தான் சொன்னான்.

"உங்க அண்ணன் டீக்கடைல பேசிகினு இருந்தான் மச்சான். பொண்டாட்டி துபாய்ல சம்பாதிக்கறா, தம்பி வூட்ல முட்ட அடிச்சுகினு கீறான்னு."

"துபாய் இல்ல, மஸ்கட்."

"அது இல்ல மேட்டரு."

வரதன் திருப்பிக் கேட்டான். "அண்ணி ஒரு வாரம் படுத்துட்டா அவன் இன்னா பண்ணுவான்?"

"ஓட்டல்ல துன்னுவான்."

"எனக்கு ஓட்டல்ல துன்னா வயிறு எரியுது," என்றான் வரதன். அவனுக்குக் கோபம் வராமல் இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அண்ணனிடம் சொல்ல வேண்டிய பதில்கள் நிறையத் தோன்றின. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒன்றையும் சொல்லவில்லை. அண்ணனும் நேரில் ஒன்றும் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டு மே மாதம், கத்திரி வெயிலில் ஜெசிந்தா முதல் லீவில் வந்தாள். மீனம்பாக்கத்தில் வெளியே வந்தவளைப் பார்த்து வரதன் ஒரு நிமிஷம் தயங்கினான். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நடையில் ஒரு விறுவிறுப்பு இருந்தது. கவியா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஜெசிந்தா குனிந்து கையை நீட்டினாள். பெண் கையைக் கொடுத்தாள், பெரியவர்கள் கை குலுக்குவதுபோல. ஜெசிந்தா அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

காலையிலேயே எழுந்து பை செய்து வைத்துவிட்டுத்தான் வரதன் விமான நிலையத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது செங்கல்பட்டிலிருந்து அவள் அம்மா வீட்டார் வந்து, ராஜத்திடம் சாவி வாங்கிக் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள், சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம் என்று பங்கு பிரித்தார்கள். பையை யாரோ அலமாரியிலிருந்து எடுத்து, இது என்ன கேக்கா என்று கேட்டு, குழந்தைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஜெசிந்தா அப்போது உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலித் தட்டைப் பார்த்தபோது வரதனுக்கு வருத்தம் வரவில்லை. ஒரு நாள் தள்ளிப்போனதில் ஒருவகையில் நிம்மதிதான்.

மறுநாள் பிற்பகல் எல்லோரும் போன பிறகு மறுபடி செய்தான். ஜெசிந்தா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. அவன் மாவை விரல் நுனியால் உதிர்த்ததும், தட்டில் பரப்பி, அது உப்பாமல் இருக்க மேலே மொச்சைக்கொட்டையைக் கொட்டி வேகவைத்ததும், கருவில் ஒரு கரண்டி சூட்டுக் கூழை முதலில் கலந்து பதப்படுத்தியதும், அவளுக்கு வேறு யாரோ ஒரு ஆள் செய்வதுபோல இருந்தது.

"எப்பலேர்ந்து இதெல்லாம்?" என்றாள்.

"நீ சொன்னதுலேர்ந்துதான்."

அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

ஆறியதும் வெட்டினான். கத்தியை வெந்நீரில் நனைத்து வெட்டினால் நுரை ஒட்டாது. தட்டில் வைத்து அவள் முன் நகர்த்தினான், தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டான். அவள் கரண்டியால் எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாகத் தின்றாள்.

"அது மாதிரியே கீதா?" என்று கேட்டான் வரதன். பல மாதமாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி.

ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியலங்க," என்றாள். "நான் அத்த சாப்ட்டதில்ல."

வரதன் கையில் எடுத்த கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"ஒரு இங்கிலீஷ்காரம்மா இருந்தாங்க வார்டுல. வயசானவங்க. நெஞ்சு ரொம்ப மோசம். ஒண்ணும் எறங்காது. ஆனா தெனம் சமையக்கட்டுக்குச் சொல்லி விடுவாங்க, எலுமிச்ச பை வேணும்னு. வரும். பாத்துகினு இருப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சி, எடுத்துகினு போம்மான்னுவாங்க. அவங்க வூட்ல அம்மா செய்வாங்களாம். ஒரு நாள் காலைல செத்துட்டாங்க. நான்தான் கூட இருந்தேன். எல்லாம் முடிச்சி, படுக்கைய மாத்தி, மத்தியானம் பாத்தா தட்டு வருது. அவங்க போய்ட்டாங்கன்னு சமையக்கட்டுக்கு யாரும் சொல்லல. நான்தான் திருப்பி எடுத்துகினு போனேன். நீளமான வராண்டா. நான் நடக்க நடக்க அந்த நொர ஆடிகினே வந்துச்சி." ஜெசிந்தா தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அன்னிக்கு வெள்ளிக்கெழம. போன் பண்ணேன். நீங்க இன்னா சாப்ட்டன்னு கேட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே ஜெசி."

"ராஜம் அம்மா வூடு. கவியா வேற பக்கத்துல. ஒருத்தங்க செத்துட்டாங்கன்னு அங்க எப்டிச் சொல்றது? நீங்க சாப்பாட்டத்தான் கேட்டீங்க. சாப்பாட்டச் சொன்னேன்."

வரதன் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். தப்பு அவனுடையதா, அவளுடையதா, தொலைபேசியுடையதா என்று அவனுக்குத் தெளிவாகவில்லை. உட்கார்ந்து தன் தட்டில் இருந்த துண்டைப் பார்த்தான்.

"அப்ப இது சரியா வந்துதா இல்லையான்னு எப்டித் தெரியறது?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்து இறங்கியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கரண்டியை எடுத்தாள். "புளிப்பா கீது. நல்லா கீது," என்றாள். இன்னொரு துண்டும் தின்றாள். சத்தம் கேட்டு உள்ளே வந்த கவியா, தனக்கும் வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கினாளே தவிர மேல்நுரையை மட்டும் நக்கிவிட்டு மீதியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா திரும்பிப் போன பிறகு வரதன் தன் வீட்டுக்கே தொலைபேசி வாங்கினான். மனுப் போட்டுப் பல மாதம் கழித்து வந்தது. அவன் கேட்கிற கேள்வி மாறியது. "வார்டு எப்டி கீது?" என்று கேட்பான். அவள் சொல்வாள். யார் நடந்து வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை, எந்த டாக்டர் கத்தினார், எந்தக் கருவி திடீரென்று நின்றது. கருவி என்றதும் அவன் குறுக்கே பல கேள்வி கேட்பான். மானிட்டர் எப்படி அளவு காட்டுகிறது, யார் சரிபார்க்கிறார்கள் என்று. சில வாரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே மறந்துவிடுவார்கள். கீழே ராஜத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெறிச்சென்று இருந்தது. படியில் பார்க்கும்போது, "ஜெசிந்தா சௌக்கியமா? போன் வந்துதா?" என்று கேட்பாள். வரதன் நின்று கொஞ்சம் விவரமாகவே சொல்வான்.

இரண்டாயிரத்து இரண்டில் ஜெசிந்தா வேலையை விட்டுவிட்டு வந்தாள். பிரிந்திருந்ததுகூட அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரே வீட்டில் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சமையலறையில் உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதில் முதல் சண்டை வந்தது. அடுப்புக்கு வலப்பக்கம் என்றாள் அவள், இடப்பக்கம் என்றான் அவன். அவள் வைத்த இடத்திலிருந்து அவன் எடுத்து மாற்றுவான், அவள் திரும்ப வைப்பாள். ஒரு வாரம் இருவரும் இதைப் பேசாமலே செய்தார்கள். கவியா அப்போது வளர்ந்துவிட்டாள். "ரெண்டு ஜாடி வெச்சிக்கோங்களேன்," என்றாள். அப்படியே செய்தார்கள். கொஞ்ச நாளில் வலப்பக்கத்து ஜாடியில் உப்பு குறையவே இல்லை என்பது தெரிந்தது.

"எனக்குச் சமையல் விட்டுப்போச்சிங்க," என்றாள் ஜெசிந்தா ஒரு நாள். அதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. "ஆஸ்பத்திரி வேலைக்கே போறேன்."

"போ. நான் ஆக்கறேன்," என்றான் அவன்.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸாகச் சேர்ந்தாள். மஸ்கட் அனுபவத்துக்கு அங்கே மரியாதை இருந்தது. காலையில் அவள் கிளம்பும்போது அவன் டிபன் கட்டிக் கொடுத்தான். அவள் சாயங்காலம் வந்து அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள். பெண்டாட்டி வேலைக்குப் போக, கணவன் சமைக்கிற வீடு என்று குடியிருப்பில் ஒரு பேச்சு இருந்தது. இன்னும் நாலைந்து வீடுகளிலும் அப்படி நடக்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சு தானாக ஓய்ந்தது.

மறு வருஷம் மே மாதம் நர்ஸ் தினத்துக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவது என்று ஜெசிந்தாவின் பிரிவில் முடிவு செய்தார்கள். மற்றவர்கள் கேசரி, வடை என்று சொன்னார்கள். ஜெசிந்தா யோசிக்காமல் எலுமிச்சைப் பை என்று சொல்லிவிட்டாள். அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். பை ஆறுவதற்குள் அவள் பஸ் பிடித்தாக வேண்டும். வரதன் லீவு போட்டுவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னான்.

பெரிய அட்டைப்பெட்டியில் தட்டை வைத்து மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ்ஸில் கூட்டம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் பெட்டிக்குள் என்ன ஆகிறது என்று கையால் உணர்ந்துகொண்டே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். "இன்னாது அண்ணாத்த, கோழிக்குஞ்சா?"

"இல்ல. எலுமிச்ச பை."

"பைல எலுமிச்சயா?"

"திங்கறது. மேல முட்ட நொர."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு டிரைவர் ஒரு பிரேக் போட்டபோது, வரதனுக்கு முன்னால் அவர் கை நீண்டு பெட்டியைப் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி நுரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பெட்டியின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வரதன் வராண்டாவில் நின்று அதைப் பார்த்துச் சங்கடப்பட்டான். ஜெசிந்தா வெளியே வந்தாள். திறந்து பார்த்தாள். "பரவால்ல, குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள். மருந்து ட்ரேயில் இருந்த கரண்டியால் சரிந்த நுரையைத் தூக்கி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற பக்குவத்தில் மேலே பரப்பிவிட்டாள்.

ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். உட்கார நேரமில்லை, நின்றபடியே தின்றார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், "அக்கா, இது யாரு பண்ணது? பேக்கரியா?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரர்," என்றாள் ஜெசிந்தா.

அந்தப் பெண் வராண்டாவில் நின்றிருந்த வரதனைப் பார்த்தாள். மேல் பொத்தானைத் திறந்துவிட்ட சட்டையும், வியர்த்த கழுத்தும், கையில் காலி அட்டைப்பெட்டியும். நம்பின மாதிரித் தெரியவில்லை. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உள்ளே எங்கோ மணி அடித்தது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்கள். ஜெசிந்தாவும் போனாள். கதவு திறந்து மூடும் இடைவெளியில், கட்டில் ஒன்றின் தலைமாட்டு மானிட்டரில் பச்சைக்கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது வரதனுக்குத் தெரிந்தது. மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த குழாயில் கழுவினான். பெட்டியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று போகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம்.